கோரி பெங்கெலியின் முதுகில் மிச்சமிருந்த ஓவர்கள்

ஆஸ்திரேலியாவில் ஆல்ரவுண்டரே இல்லை என்று எங்கள் கிரிக்கெட் வாரியம் வருடா வருடம் ஒரு பாட்டம் அழுது தீர்க்கும். மட்டையும் பிடிக்கத் தெரிந்து, பந்தும் வீசத் தெரிந்த ஒருவன், ஒரே ஒருவன் கிடைத்தால் போதும், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவோம் என்று அதன் பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் மூக்கைச் சிந்துவார்கள். கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பது கோரி பெங்கெலிக்குத் தெரியும். பாவம், கிடைத்தவன் அவன்தான்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், யார்க் தீபகற்பத்தில், வார்டங்கா என்று ஓர் ஊர். பார்லி வயல், தானியக் கோபுரம், ஒரு மதுக்கடை, ஒரு மைதானம். சனிக்கிழமைகளில் மைதானத்திலிருந்து செம்மறிகளை விரட்டிவிட்டுத்தான் டாஸ் போடுவார்கள். அங்கே ஆடிப் பழகிய கோரி மாநில அணிக்குப் போனான். ஆறாவது ஆளாக இறங்கி நூறு அடிப்பான். மட்டையை வைத்துவிட்டு வந்து புதுப் பந்தை வாங்கி, எதிரணியின் முதல் நாலு பேரை மூட்டை கட்டி அனுப்புவான். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது. ஏதோ வேலியில் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு வந்தவன் மாதிரி கையைத் துடைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு குறை, அவன் முதுகு. பத்தொன்பது வயதில் முதுகெலும்பில் விரிசல் விட்டது. அடிலெய்டில் ஓர் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "இது கூடிடும்பா. ஆனா இந்த முதுகு காலம் பூரா வராது. இதுல இன்னும் கொஞ்சம் ஓவர் இருக்கு. எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பாத்துச் செலவு பண்ணு."

அன்றிலிருந்து கோரிக்கு ஒரே ஆசை. மிச்சமிருக்கும் ஓவர்களைப் பச்சைத் தொப்பி வாங்கி, நாட்டுக்காக வீசித் தீர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முதுகு என்ன ஆனாலும் சரி.

அந்தப் பச்சைத் தொப்பியைப் பற்றி எங்களிடம் யாரும் விளையாட்டாகக்கூடப் பேச முடியாது. டெஸ்ட் ஆடுகிறவனுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். முதல் ஆட்டத்தன்று காலையில், டாஸுக்கு முன்னால், அணி முழுக்க வட்டம் கட்டி நிற்க, பழைய ஆட்டக்காரர் ஒருவர் சொற்பொழிவாற்றி அதைத் தலையில் வைப்பார். ஆளுக்கொரு எண் தைத்திருக்கும். துவைக்கக் கூடாது. கிழிந்தாலும் நைந்தாலும் அதையேதான் போட வேண்டும். எவனுடைய தொப்பி அதிகம் நாறுகிறதோ அவனே பெரிய மனிதன்.

வாரியத்திலிருந்து அழைப்பு வந்தபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. பேசியவர் தேர்வுக்குழுத் தலைவர் நோயல் ஸ்ட்ரிக்லண்ட்.

"கோரி மச்சான்! நான் நோயல். சார் கீர்னு கூப்பிட்டேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். நம்மகிட்ட பெரியவன் சின்னவன் கெடையாது. நீ டீம்ல இருக்க."

எங்கள் நாட்டில் மச்சான் என்று கூப்பிடாமல் யாரும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. கோரிக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அறுவடை எந்திரத்தின் மேலிருந்து அப்பா டெஸ் கத்தினார். "யார்ரா போன்ல?"

"வாரியம்பா. எடுத்துட்டாங்க."

டெஸ் எஞ்சினை நிறுத்தினார். அறுவடைக் காலத்தில் அந்த எஞ்சின் பகலில் நின்றதை வார்டங்காவில் யாரும் பார்த்ததில்லை. இறங்கி வந்து மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்கு ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சிரிச்சுத் தொலையேன்" என்றார். அவரும் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கே அது வராது.

முதல் டெஸ்ட் பிரிஸ்பேனில். பதினோரு பேர் ஆடும் இடத்துக்குப் பதினேழு பேரைக் கூட்டிப் போவார்கள். காலையில் ஸ்ட்ரிக்லண்ட் கோரியின் தோளில் கைபோட்டுப் பிட்ச் பக்கம் அழைத்துப் போனார்.

"பாத்தியா, புல்லு எப்படிப் பச்சைப் பசேல்னு நிக்குதுன்னு? இதுல முழு பௌலர் ஒருத்தன் வேணும். நீ பாதிதானே மச்சான்."

கோரி தலையை ஆட்டினான். அடுத்தது அடிலெய்ட், சொந்த மாநிலம். அங்கே பிட்ச் காய்ந்து வெடித்திருந்தது. "சுழல் போடுறவன் வேணும் மச்சான். நீ வேகமால்ல போடுற" என்றார் ஸ்ட்ரிக்லண்ட். பெர்த்தில் ஒரு பேட்ஸ்மேனுக்கு விரல் உடைந்தது. கோரி காலில் பேட் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். பேட்ஸ்மேன்களைத் தேர்ந்தெடுக்கும் துணைக்குழு கூடி, பெங்கெலி அருமையான பௌலர் என்று பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டு வேறொருவனை அழைத்தது. மெல்போர்னில் ஒரு பௌலருக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. பௌலர்களைத் தேர்ந்தெடுக்கும் துணைக்குழு கூடி, பெங்கெலி அருமையான பேட்ஸ்மேன் என்று பாராட்டியது.

"அப்போ நான் யாரு நோயல்?" என்று கோரி கேட்டே விட்டான்.

ஸ்ட்ரிக்லண்ட் உருகிப்போனார். "நீதான் மச்சான் ஆல்ரவுண்டர். உன்ன மாதிரி ஒருத்தனத்தான் நாங்க வருஷக்கணக்கா தேடிட்டிருந்தோம். அவ்வளவு ஈசியா உன்ன எறக்கி வீணாக்கிடுவோமா?"

எனவே கோரி தண்ணீர் சுமந்தான். ஆரஞ்சு நிற மேலுடையை மாட்டிக்கொண்டு, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர், வாழைப்பழம், காய்ந்த கையுறை, நிழல் கண்ணாடி, கேப்டனுக்கு உதட்டுக் களிம்பு என்று எல்லைக்கோட்டுக்கும் பிட்சுக்கும் ஓடினான். மாநில அணி அங்கே அவனில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஆண்டு விழாவில் வாரியம் அவனுக்குக் 'குழு மனப்பான்மைச் செம்மல்' என்று ஒரு கோப்பை கொடுத்தது. கோப்பையின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்.

தொலைக்காட்சியில் பார்த்த டெஸ் போன் போட்டார். "ஏன்டா, நான் ஒரு ட்ராக்டர் வாங்கி, தொடச்சி மாலை போட்டு, கொட்டாயிலயே நிறுத்தி வச்சிருந்தா என்னடா ஆகும்?"

"துரு பிடிக்கும்பா."

"பிடிக்குமில்ல? அத அந்த நோயல் பயகிட்ட கேளு."

கோரி கேட்டான். இப்படியே சும்மா இருந்தால் கை மறந்து போகும், அடுத்த டெஸ்ட் வரைக்கும் மாநிலத்துக்காவது ஆடுகிறேன் என்று கெஞ்சினான். ஸ்ட்ரிக்லண்ட் மகிழ்ச்சியோடு, அனுமதி வாங்கிக்கொள்ளச் சொல்லி, அவனை வாரியத்தின் உச்சத்திறன் மையத்துக்கு அனுப்பி வைத்தார்.

அங்கேதான் டாக்டர் பெவர்லி ஆக்லி இருந்தார். சுமை மேலாண்மை இயக்குநர். கிரிக்கெட் ஆடினால் ஆட்டக்காரர்களுக்கு அடிபடுகிறது என்பதைப் பத்தாண்டு ஆராய்ந்து கண்டுபிடித்தவர் அவர்தான். வாரிய ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் எல்லாரின் கழுத்தின் பின்பக்கமும் ஒரு கறுப்பு வில்லை இருந்தது. நடந்தால், ஓடினால், குனிந்தால், உடம்பில் ஏறிய சுமையை அது கணக்கெடுத்து டாக்டரின் திரைக்கு அனுப்பும். ஒப்பந்தத்தில் இருக்கிறவன் இரவும் பகலும் அதைக் கழற்றக் கூடாது. டெஸ் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம செம்மறிக்குக் காதுல மாட்டுறோமே, அதுவாடா இது?" என்று கேட்டிருந்தார்.

டாக்டர் ஆக்லி திரையைப் பார்த்தபடியே பேசினார். மனிதர்களைப் பார்த்தால் அவருக்குக் குழம்பிவிடும்.

"மாநில ஆட்டம் ஆடவே முடியாதுப்பா. உன் சுமை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. சிவப்புல இருக்க."

"டாக்டர், நான் ஒரு பந்து போட்டு எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?"

"பந்து போடல. ஆனா ஓடியிருக்க. எல்லாரையும் விட அதிகம் ஓடினது நீதான்."

"அது தண்ணி கொண்டு போனதும்மா!"

"உடம்புக்குத் தண்ணி, பந்துன்னு வித்தியாசம் தெரியாதுப்பா. முழு ஓய்வு எடு."

எடுத்தான். ஓய்வு முடிந்து போய் நின்றால், டாக்டர் முகம் சுளித்தார். "இப்ப சுமை ரொம்பக் குறைஞ்சு போச்சே. இந்த நிலையில உன்ன டெஸ்ட் ஆட விட்டா முதுகு போயிரும். போதிய சுமை இல்லாதவன எடுக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டிருக்கேன்."

"அப்போ பந்து போட்டுச் சுமைய ஏத்திக்கிறேனே."

"பந்து போட்டா முதுகுக்கு ஆபத்து."

யோசித்து யோசித்து டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தில்லாமல் பந்து வீசுவது. உள்ளரங்கில், சாயம் பூசிய தரையில், கோரி தூரத்திலிருந்து ஓடி வந்து கையைச் சுழற்றுவான். கையில் ஒன்றும் இருக்காது. எதிர்ப்புறம் மட்டையில்லாமல் ஓர் உதவியாளர் நிற்பார். டாக்டர் திரையைப் பார்த்து, "அற்புதம்! நல்ல லெங்த்" என்பார். ஒருநாள் கோரி பொறுக்கமாட்டாமல் "அவுட்டா டாக்டர்?" என்று கேட்டான். டாக்டர் திரையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "சந்தேகத்தின் பலன பேட்ஸ்மேனுக்குக் குடுத்துடலாம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்படி ஒரு கோடை போயிற்று, இன்னொரு கோடையும் போயிற்று. கோரி சிவப்பில் இருந்தால் ஓய்வு, ஓய்விலிருந்தால் தகுதிக் குறைவு. முப்பதைத் தாண்டினான். காலையில் எழுந்தால் முதுகு தானாகவே முனக ஆரம்பித்தது. இன்னும் எத்தனை ஓவர் இருக்கிறதோ என்று ஷூ நாடாவைக் கட்டும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தான். யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாரும்தான் அவனைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்களே.

அப்புறம் ஒரு புத்தாண்டுக்கு, சிட்னியில், அணிக்கே வயிறு கெட்டது. யாரோ வாங்கி வந்த இறால். ஸ்ட்ரிக்லண்டும் இரண்டு துணைக்குழுக்களும் ஹோட்டல் தாழ்வாரத்தில் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து வந்த சத்தமே போதுமானதாக இருந்தது. எழுந்து நிற்கக்கூடியவர்களை எண்ணினால் சரியாகப் பதினொன்று, அதில் ஒருவன் கோரி. டாக்டர் ஆக்லிக்கு மனசே இல்லை. அவருக்கும் வயிறு கெட்டிருந்ததால் தடுக்க முடியவில்லை.

"மச்சான், உன் உழைப்புக்குக் கெடச்ச பலன்" என்றார் ஸ்ட்ரிக்லண்ட்.

டெஸ் விமானம் ஏறமாட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியில் இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு, நாட்டின் பாதியைக் குறுக்கே கடந்து சிட்னிக்கு வந்து சேர்ந்தார். பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து, மைதானத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்து, "வார்டங்காவுல கேட்டா வராது, இங்க கேக்காமலே வந்து நிக்குது" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அலுத்துக்கொண்டார்.

மைதானத்தில் அணி வட்டம் கட்டியது. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். தொப்பி தர வந்திருந்தவர் முன்னாள் கேப்டன் ரெக்ஸ் மேலின்சன். அவருடைய சொந்தத் தொப்பி தலையில் மக்கிப் போயிருந்தது. காற்றடித்த பக்கமெல்லாம் ஆட்கள் மரியாதையோடு மூக்கைத் திருப்பிக்கொண்டார்கள். மேலின்சன் தொண்டையைக் கனைத்தார்.

"பசங்களா, இந்தத் தொப்பி யாருக்கும் சும்மா கெடைக்காது. ரத்தம் சிந்தணும். எனக்கு இது கெடச்சப்போ எங்கப்பாதான் தேர்வுக்குழுத் தலைவர். அவர் வீட்டுல அவர் முகத்தப் பாத்துட்டே சாப்பிடுறதுக்கு எவ்வளவு மனத்திடம் வேணும்னு நெனச்சுப் பாருங்க! இந்தத் தொப்பி நமக்குப் பணிவக் கத்துக் குடுக்குது. நான் ஒரு தடவ பிரதமர் வீட்டு விருந்துலகூட இதக் கழட்டல. அவரே கேட்டாரு, கழட்டல. அதான் பணிவு."

வட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மேலின்சன் தன் முதல் சதத்துக்குப் போனார். அதிலிருந்து இரண்டாவது சதத்துக்குப் போனார். இடையில் தன் இரண்டு விவாகரத்துகளிலும் தொப்பி தன் பக்கமே நின்றதைச் சொல்லிக் கண் கலங்கினார்.

நடுப் பிட்சில் இங்கிலாந்து கேப்டன் டாஸுக்காக நின்றுகொண்டிருந்தான். ஆட்ட நடுவர் கையில் காசோடு வட்டத்தின் வெளியே வந்து, "கேப்டன், டாஸ் நேரம் ஆச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

"தொப்பி சொற்பொழிவு நடக்குறப்போ வட்டத்த உடைக்கக் கூடாதுங்க. மரபு" என்று நம் கேப்டன் திரும்பாமலே பதில் சொன்னான்.

மைதானப் பராமரிப்பாளர் வானத்தைக் காட்டினார். ஸ்ட்ரிக்லண்ட் வாயில் விரலை வைத்து அவரை அடக்கினார். கோரி வட்டத்துக்குள் இருந்தபடி அந்தக் காசை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே போய்க் கீழே விழுந்தால் போதும், அவன் டெஸ்ட் ஆட்டக்காரன். ஐயா, சீக்கிரம் முடிங்கய்யா என்று அவன் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

மேலின்சன் ஒருவழியாகத் தொப்பியை அவன் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு கதை" என்றார். முதல் துளி தொப்பியின் முனையில் விழுந்தது.

அதற்கப்புறம் பெய்த மழையைச் சொல்லி மாளாது. எல்லாரும் ஓடினார்கள். ஆட்டக்காரர்கள் அறைக்குள் சீட்டாடினார்கள். இரவும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. டெஸ்ட் நடக்க வேண்டிய நாளெல்லாம் வானம் கொட்டிக்கொண்டே இருந்தது. டெஸ் மட்டும் தினம் வந்து, மேற்கூரையில்லாத தன் இருக்கையில் குடையோடு உட்கார்ந்து, நனைந்த பேஸ்டியைத் தின்றார். கோரி தொப்பியைக் கழற்றாமல் படியில் நின்று வானத்தைப் பார்த்தான். கடைசி நாள் பிற்பகலில் ஆட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். டாஸ் போடவே இல்லை.

வெளியே வந்தவனிடம் டெஸ் சொன்னார். "உன் தலையில தொப்பியப் பாத்துட்டேன். எனக்கு அது போதும்டா."

"எனக்குப் போதாதுப்பா. நான் ஒரு பந்து போடணும்."

"போடுவ, போடுவ. அதான் தொப்பி வந்திருச்சில்ல? தொப்பிய வாங்கிட்டா போயிருவாங்க?"

பெரியவர் வாயில் என்ன நேரத்தில் அது வந்ததோ. வாரியம் கூடியது. காசு மேலே போகாததால் அந்த ஆட்டம் நடக்கவில்லை. நடக்காத ஆட்டத்தில் யாரும் அறிமுகமாக முடியாது. அறிமுகமாகாதவன் தலையில் எண் தைத்த தொப்பி இருப்பது வரலாற்றுக்கே ஆபத்து. வீட்டுக்கு ஆளனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னபோது ஸ்ட்ரிக்லண்ட் கொதித்துப் போனாராம். "அப்படி அசிங்கமா வாங்க மாட்டோம். ஒரு விழா எடுத்து, கௌரவமா வாங்குவோம்."

எடுத்தார்கள். அதே சிட்னி மைதானத்தில், தொப்பி திரும்பப் பெறும் விழா. உலகத்திலேயே முதல்முறை என்று வாரியத்துக்கு ஏகப் பெருமை. வானம் துடைத்து விட்டது போல இருந்தது. மைதானம் காய்ந்து, நாள் முழுக்க ஆடலாம் போலப் பளபளத்தது. அணி மறுபடி வட்டம் கட்டியது. கோரியின் தொப்பி மழையில் ஊறி, துவைக்கக் கூடாதென்று அவன் துவைக்காமல் வைத்திருந்ததால், அப்போதுதான் நாற ஆரம்பித்திருந்தது. பெரிய மனிதனாகும் நேரத்தில் பிடுங்கினார்கள்.

மேலின்சன்தான் பேசினார். "பசங்களா, இந்தத் தொப்பிய வாங்குறதுக்கு ஒரு தைரியம் வேணும். திருப்பிக் குடுக்குறதுக்கு அதவிடப் பெரிய தைரியம் வேணும். எனக்கு அது கெடையாது. என்கிட்ட கேட்டிருந்தா ஒதச்சிருப்பேன். அதனாலதான் கோரி நம்ம எல்லாரையும் விட உயர்ந்தவன்." இந்த முறை சொற்பொழிவைச் சட்டென்று முடித்துக்கொண்டார். தொப்பியை எடுத்த கை ஒரு கணமும் தாமதிக்கவில்லை.

கைதட்டினார்கள். கோரி வெறுந்தலையோடு நின்றான். பிட்சைப் பார்த்தான்.

"நோயல், இவ்வளவு தூரம் வந்துட்டேன். அந்தப் பக்கத்துலருந்து ஒரே ஒரு பந்து போட்டுட்டுப் போறேனே. பேட்ஸ்மேன்கூட வேணாம்."

ஸ்ட்ரிக்லண்ட் டாக்டர் ஆக்லியைப் பார்த்தார். டாக்டர் திரையைப் பார்த்தார். "சிவப்பு" என்றார்.

"அடுத்த வருஷம் நீதான் மச்சான்" என்று ஸ்ட்ரிக்லண்ட் தோளைத் தட்டிக் கொடுத்தார். "எங்க திட்டம் மொத்தமும் உன்னச் சுத்தித்தான்."

வாசலில் டெஸ் காத்திருந்தார். "குடுத்ததப் புடுங்குறதுக்கு ஒரு விழாவா? அதுக்குக் கைத்தட்டு வேறயா? வெக்கங்கெட்ட பயலுக. வாடா போலாம்." 

குளிர்காலம் முழுக்க வாரியம் கோரிக்குப் பூரண ஓய்வு கொடுத்தது. மறுபடி வெயில் தலைகாட்டியபோது, ஒரு சனிக்கிழமை, வார்டங்கா அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. சும்மா வந்து எல்லைக்கோட்டில் நில்லு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டெஸ்தான் கூட்டிப் போனார். செம்மறிகளை விரட்டினார்கள். டாஸ் போட்டார்கள். எந்தச் சொற்பொழிவும் இல்லாமல், உள்ளூர் மதுக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து வீசினார். அது மேலே போய்க் கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் கோரிக்கு என்னவோ செய்தது.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து கையை நீட்டினான். "பந்தக் குடுங்க."

"டேய், வேணாம்டா" என்றார் டெஸ்.

"ஒரு ஓவர்ப்பா. ஒரே ஒரு ஓவர்."

முதல் பந்து காற்றில் வளைந்து, மட்டையின் ஓரத்தைத் தொடாமல் தொட்டுவிட்டுப் போனது. மறுமுனையில் நின்ற பால்பண்ணைக்காரன், "அடப்பாவி, இதப் போய் யாருடா பூட்டி வச்சது?" என்று வாய்விட்டே சொன்னான். கோரி சிரித்தான். வார்டங்கா அதையும் அன்றுதான் பார்த்தது. அடுத்த பந்தில் குச்சி பறந்தது. அதற்கடுத்த பந்துக்கு ஓடி வந்து, இடது காலை ஊன்றி, கையைச் சுழற்றியபோது, எல்லைக்கோடு வரைக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது. காய்ந்த கிளையை யாரோ முழங்காலில் வைத்து முறித்தது போல.

அந்த முதுகில் இன்னும் நிறைய ஓவர் இருந்ததாம். அடிலெய்ட் எலும்பு டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார். "வேலை செஞ்சிட்டே இருந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம்கூட வந்திருக்கும்பா. இவ்வளவு நாள் சும்மா வச்சிருந்து திடீர்னு போட்டா எலும்பு என்ன செய்யும்? இனிமே பந்தெல்லாம் மறந்துடு. நடந்தாப் போதும்னு வேண்டிக்க."

வார்டங்காவில், தன் பழைய அறையில், கோரி மல்லாந்து கிடந்தான். இடுப்பிலிருந்து மார்பு வரை கெட்டியாகக் கட்டுப் போட்டிருந்தது. உத்தரத்தைப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேலையில்லை. நடந்ததை வாரியத்துக்குச் சொல்லவில்லை, சொல்லத் துணிவில்லை. கழுத்துக்குப் பின்னால் வில்லை மட்டும் அப்படியே இருந்தது. கழற்றக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒருநாள் மாலை போன் அடித்தது. டெஸ் எடுத்து ஒலியைக் கூட்டி, கட்டிலோரம் வைத்துவிட்டு டீ போடப் போனார். முதலில் டாக்டர் ஆக்லியின் குரல். அவ்வளவு உருக்கமாக அவர் பேசிக் கோரி கேட்டதில்லை.

"கோரி! உன் எண்ணுகளப் பாத்துட்டு இங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்ப்பா. சுமை பூஜ்யம். ஓட்டம் பூஜ்யம். குனியுறதுகூட இல்ல. இப்படி ஒரு ஓய்வ நான் என் வாழ்க்கையில எந்த ஆட்டக்காரன்கிட்டயும் பாத்ததில்ல. உனக்குச் சிவப்பு போயி பச்சை வந்திருச்சு. முதல் தடவையா!"

கோரி உத்தரத்தைப் பார்த்தான்.

ஸ்ட்ரிக்லண்ட் குறுக்கே வந்தார். "மச்சான், பிரிஸ்பேன்ல நீ ஆடுற. புல்லு பச்சையா இருந்தாலும் சரி, காஞ்சு கெடந்தாலும் சரி. முதல்ல எழுதின பேரே உன் பேருதான். ரெண்டு துணைக்குழுவும் ஒத்துக்கிட்டாச்சு. மேலின்சனுக்கும் சொல்லியாச்சு, சுருக்கமாப் பேசுறேன்னிருக்காரு. தொப்பிய அலமாரியிலருந்து எடுத்து வெயில்ல வச்சிருக்கோம்."

"நோயல்" என்றான் கோரி. "என் முதுகு ஒடஞ்சு போச்சு. என்னால எந்திரிச்சு நிக்க முடியாது."

மறுமுனையில் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"திரையில அப்படி எதுவும் காட்டலயேப்பா" என்றார் டாக்டர் ஆக்லி.

"மச்சான், சொன்னாக் கேளு" என்றார் ஸ்ட்ரிக்லண்ட், ரகசியம் போல. "எது ஒடஞ்சிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். நீ பாட்டுக்குக் கெட. ஆட்டத்தன்னிக்கு வரைக்கும் அசைஞ்சுடாத. எண்ணு கெட்டுடும்."

போன் நின்றது. டெஸ் டீயோடு கதவருகில் வந்து நின்றார். கண்ணாடிக் குவளையில் உறிஞ்சுகுழல் போட்டிருந்தார்.

"என்னடா சொன்னாங்க? கொஞ்சம் தலையத் தூக்கு, டீயக் குடிச்சுடு."

கோரி கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினான்.

"வேணாம்பா. இப்ப அசையக் கூடாது."